‘தவறி விழுந்தார்’: சென்னை மேற்குப் புறநகரின் உயரத் தொழில் இடர்களும் அவற்றைக் கூறும் தமிழும்

ஆய்வுச் சுருக்கம்

உயரத்தில் நின்று தொழில் செய்பவர் விழுந்து இறக்கும்போது, ‘தவறி விழுந்து இறந்தார்’ என்னும் தொடர் செய்தியிலும் பேச்சிலும் இயல்பாக வந்து அமைகிறது. இத்தொடர் நிகழ்ச்சியின் வினைமுதலாக விழுந்தவரையே நிறுத்துகிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளில் நிகழும் உயரத் தொழில்களின் இடர்களை இக்கட்டுரை விளக்குகிறது. அவ்விடர்கள் பெரும்பாலும் நிற்கும் தளத்திலும், பற்றும் பிடிப்பிலும், தடுப்பின் இன்மையிலும் அடங்கியிருப்பதைக் காட்டி, அவற்றைத் ‘தவறி’ என்னும் வினையெச்சம் எவ்வாறு பார்வையிலிருந்து விலக்குகிறது என்பதை இலக்கண நோக்கில் ஆராய்கிறது.

கருச்சொற்கள்: உயரத் தொழில், சாரம், கூரை, வினையெச்சம், வினைமுதல், தொழிற்சொற்கள், தொழிலாளர் சட்டம்.

1. முன்னுரை

தமிழில் தொழிற்சொல் ஆய்வு உழவு, நெசவு, மீன்பிடி, மட்பாண்டம் போன்ற மரபுத் தொழில்களில் ஆழமாக வேரூன்றியுள்ளது. நகரப் புறத்தே நாள்தோறும் எழும்பும் கட்டடங்களிலும் ஆலைக் கூரைகளிலும் வழங்கும் மொழி அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. உயரத் தொழிலைப் பொறுத்தவரை இக்குறை சொற்றொகுப்புப் பணியின் குறையாக மட்டும் நின்றுவிடுவதில்லை. ஓர் இறப்பு எந்தச் சொல்லால் பதிவாகிறதோ, அந்தச் சொல்லே அதன் காரணத்தைத் தேடும் திசையையும் பெரிதும் முடிவு செய்கிறது.

‘கட்டடத்திலிருந்து தவறி விழுந்து தொழிலாளி பலி’ என்னும் அமைப்புடைய தலைப்பு தமிழ் வாசகர் அனைவருக்கும் பழக்கமானது. பெயரும் ஊரும் மாடியின் எண்ணும் மாறும், ‘தவறி’ மாறுவதில்லை. இத்தொடர் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதே இக்கட்டுரையின் வினா. அதற்கு விடை காண, முதலில் தொழிற்களத்தையும் விழுதலின் இயல்பையும் அறிதல் வேண்டும். அதன்பின் சொல்லுக்கு வருதல் வேண்டும்.

2. தொழிற்களம்

சென்னையின் மேற்குப் புறநகர் இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் தொழில் நிலமாக உருப்பெற்றது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961 இல் நிறுவப்பட்டது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964 இல் தொடங்கியது. சிறு, குறு ஆலைகளின் தகட்டுக் கூரைகள் அடுத்தடுத்து விரிந்த அத்தொழிற்பேட்டையில், பிற்காலத்தில் சில ஆலை மனைகள் கண்ணாடி முகப்புடைய தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களாக மாறின. ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் ஆகிய இடங்களில் தனி வீடுகளும், பூந்தமல்லி, போரூர், மாங்காடு ஆகிய இடங்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் பெருகின. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் கலங்கரை விளக்கம் முதல் பூந்தமல்லி புறவழிச்சாலை வரை திட்டமிடப்பட்ட வழித்தடத்தின் மேற்குப் பகுதி, தூண்களின்மேல் அமைந்த பாலமாகச் செல்கிறது.

ஆகவே இச்சிறு நிலப்பரப்பில் உயரத் தொழிலின் வகைகள் பலவற்றையும் ஒருசேரக் காணலாம். சாரத்தில் நின்று பூசும் கொத்தனார், ஆலைக் கூரையில் ஓட்டை அடைப்பவர், கண்ணாடி முகப்பைக் கயிற்றில் தொங்கித் துடைப்பவர், மேல்நிலை நீர்த்தொட்டிக்கு வண்ணம் அடிப்பவர், கைப்பேசிக் கோபுரத்தில் ஏறுபவர், மின்கம்பத்தில் பணிபுரிபவர், மெட்ரோ தூணின்மேல் உத்திரம் பொருத்துபவர் எனப் பட்டியல் நீள்கிறது. இவர்களுள் கோபுரத்திலும் தூணிலும் பணிபுரிவோரே ‘மிக உயரத்தில்’ நிற்பவராக வெளியார் கண்ணுக்குத் தோன்றுவர். கூரைமேல் நிற்பவரை எவரும் உயரத்தில் நிற்பவராக எண்ணுவதில்லை. இடரைப் பற்றிய பிழையான எண்ணம் இங்கிருந்தே தொடங்குகிறது.

3. விழுதலின் இயல்பு

உயரம் கூடக்கூட இடர் கூடும் என்பது பொதுவான கருத்து. விழும் உடலின் கணக்கு வேறொன்றையும் கூறுகிறது. காற்றின் தடையை விட்டுக் கணக்கிட்டால், 2 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் 0.64 நொடியில் தரையை அடைகிறார். அப்போது அவர் வேகம் மணிக்கு ஏறத்தாழ 22 கி.மீ. 5 மீட்டர் உயரத்திலிருந்து விழ ஒரு நொடி ஆகிறது. வேகம் 36 கி.மீ. 10 மீட்டருக்கு 1.4 நொடி, 50 கி.மீ.; 30 மீட்டருக்கு 2.5 நொடி, ஏறத்தாழ 87 கி.மீ. ஓர் ஆலைக் கூரையின் உயரமான ஐந்து மீட்டரிலிருந்து தலை கீழாகச் சிமெண்டுத் தரையில் விழுபவருக்கு, முப்பது மீட்டரின் வேகம் தேவையில்லை.

இக்கணக்கிலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, உயிரிழப்புக்குப் பேருயரம் வேண்டுவதில்லை. பிரிட்டனின் 2005 ஆம் ஆண்டு உயரப் பணி விதிகள், இத்தனை மீட்டர் என்னும் எல்லையை வைத்து உயரத்தை வரையறுக்காமல், விழுந்தால் காயம் நேரக்கூடிய எந்த இடமும் உயரமே எனக் கொண்டது இதனால்தான். இரண்டாவது, விழத் தொடங்கியபின் மனிதர் செய்யக்கூடியது ஏதுமில்லை. ஒரு நொடியில் எதையேனும் பற்றிக்கொள்ளுதல் திறமையினால் ஆவதன்று. எனவே, காப்பு அனைத்தும் விழுதலுக்கு முன்னரே அமைந்திருக்க வேண்டும்: கைப்பிடித் தடுப்பாகவோ, உறுதியான தளமாகவோ, கீழே விரிக்கப்பட்ட வலையாகவோ, மேலே கட்டப்பட்ட பிடிப்பாகவோ அது இருக்கலாம். அவற்றை அமைக்கும் அதிகாரம் விழுபவர் கையில் பெரும்பாலும் இல்லை.

இதற்கு உலக அளவில் நன்கறிந்த சான்று ஒன்றுண்டு. சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம் கட்டப்பட்டபோது பாலத்தின் அடியில் வலை விரிக்கப்பட்டது. பாலத்திலிருந்து விழுந்த 19 பேர் அவ்வலையால் உயிர் பிழைத்தனர். 1937 பிப்ரவரி 17 அன்று ஒரு சாரம் பெயர்ந்து விழுந்து வலையையும் கிழித்துச் சென்றபோது பத்துப் பேர் இறந்தனர். பிழைத்த பத்தொன்பதின்மரும் நிலை தவறியே விழுந்தனர். அவர்களை வாழ வைத்தது வலை. நிலை தவறுதல் விழுதலுக்குக் காரணமாகலாம். இறத்தலுக்குக் காரணம் வேறு என்பது இதனால் தெளிவாகும்.

4. காலடியின் இடர்: சாரமும் கூரையும்

4.1 சாரம்

‘சாரம்’ என்பது கட்டடத் தொழிலின் பழைய சொற்களுள் ஒன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்கல்லை ஏற்றுவதற்குச் சாரப்பள்ளம் என்னும் ஊரிலிருந்து சாரம் அமைக்கப்பட்டது என்னும் செவிவழிச் செய்தி, அச்சொல்லை ஊர்ப்பெயரோடு இணைத்துக் காட்டுகிறது. வரலாற்று உண்மை எதுவாயினும், பெருங்கட்டடத்தைப் பற்றிய மக்கள் நினைவில் சாரமும் இடம்பெற்றிருப்பது குறிப்பிடத்தக்கது. கட்டி முடித்தபின் பிரித்துவிடும் பொருளாதலின் சாரத்திற்கு வேறு நினைவுச்சின்னம் இல்லை.

தமிழகத்தில் நெடுங்காலம் சவுக்குக் கழிகளைக் கயிற்றால் பிணைத்தே சாரம் கட்டப்பட்டது. இன்று பெருங்கட்டடங்களில் இரும்புக் குழாய்ச் சாரம் வந்துவிட்டது. சிறு வீடுகளில் சவுக்குக் கழி இன்னும் காணப்படுகிறது. இரண்டிலும் இடரின் இடங்கள் ஒன்றே. முதலாவது கால் ஊன்றும் இடம்: மழையில் இளகிய மண்ணில் அடிப்பலகையின்றி நிறுத்திய கழி புதைந்து சாய்கிறது. இரண்டாவது சுவரோடு பிணைக்கும் இடம்: பூச்சு வேலைக்கு இடையூறு என்று பிணைப்பை அவிழ்த்தால் சாரம் முழுவதும் புறத்தே பெயரக்கூடும். மூன்றாவது பலகை: ஒற்றைப் பலகையில் கொத்தனாரும் கலவைச் சட்டியும் செங்கல் அடுக்கும் ஒன்றாக நிற்கின்றன, பலகையின் முனை கழியில் கட்டப்படாதபோது, ஒரு முனையில் மிதித்தால் மறு முனை எழும்புகிறது. நான்காவது விளிம்பு: இடுப்பளவில் ஒரு குறுக்குக் கழி கட்டினால் போதும் என்னும் இடத்திலும் அது கட்டப்படுவதில்லை, பூச வரும் கைக்கு அது தடை எனக் கருதப்படுகிறது.

இந்நான்கும் சாரத்தைக் கட்டியபோதே முடிவு செய்யப்பட்டவை. கட்டியவர் ஒருவர், ஏறுபவர் வேறொருவர். சித்தாளாக ஏறும் பெண்ணிடம், சாரம் கட்டிய முறையைப் பற்றி எவரும் கருத்துக் கேட்பதில்லை.

4.2 தகட்டுக் கூரை

அம்பத்தூர் போன்ற பழைய தொழிற்பேட்டைகளில் வேறொரு வகை இடர் உண்டு. கல்நார் சிமெண்டுத் தகடுகளாலான கூரை வழக்கில் ‘ஆஸ்பெஸ்டாஸ்’ என்றும் ‘சிமெண்ட் ஷீட்’ என்றும் வழங்கும். பார்வைக்கு அது தளம். உண்மையில் அது மூடி மட்டுமே. ஏறத்தாழ 6 மி.மீ. கனமுள்ள தகடு, ஒன்றேகால் முதல் ஒன்றரை மீட்டருக்குள் இடைவெளி விட்டு அமைந்த குறுக்குச் சட்டங்களின்மேல் கிடக்கிறது. மழையையும் வெயிலையும் தாங்குவதற்கு அது போதும். ஆள் எடையைத் தாங்கும் என்று நம்புவதற்கில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லத் தகடு மேலும் நொறுங்கும் தன்மை பெறுகிறது. ஒளி புகுவதற்காக இடையிடையே பொருத்தும் இழைத் தகடுகள், தூசும் பாசியும் படிந்தபின் மற்றத் தகடுகளிலிருந்து வேறுபாடு தெரியாமல் போகின்றன.

அனுபவமுள்ளவர் திருகாணிகளின் வரிசையைப் பார்த்து, அதன் கீழே சட்டம் இருப்பதை அறிந்து, அவ்வரிசையிலேயே கால் வைத்து நடப்பர். அது அறிவுதான், ஆயினும் அடி பிசகினால் அந்த அறிவு காப்பாற்றாது. எடையைப் பல சட்டங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் நடைபலகைகளைக் கூரைமேல் இட்டு, அவற்றின்மேல் மட்டுமே நகர்வதே முறை. கூடுமானால் கூரைமேல் ஏறாமல் கீழிருந்து மேடை அமைத்துப் பழுது பார்ப்பது அதனினும் சிறந்தது.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. அத்தகைய புயலுக்கும் பெருமழைக்கும் பின், தகடு மாற்றும் பணி ஒரே வேளையில் பெருகும். ஓடு, தகடு, வண்ணம் எனப் பல சில்லறை வேலை செய்பவர்கள் நாட்கூலிக்குக் கூரை ஏறுவர். இவர்கள் எந்த ஆலையின் நிலையான தொழிலாளர் பட்டியலிலும் இல்லாதவர்கள். ஆலையினுள் எந்திரத்தருகே நிற்பவருக்குரிய பயிற்சியும் கண்காணிப்பும் கூரைமேல் நிற்பவருக்கு எட்டுவதில்லை.

5. ‘பெல்ட்’ என்னும் சொல்லின் இடர்

உயரத்தில் நிற்பவருக்கான காப்புக் கருவியைத் தொழிலிடம் ‘பெல்ட்’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கிறது. இச்சொல் இரண்டு வேறு பொருள்களை மறைக்கிறது. ஒன்று, இடுப்பில் மட்டும் கட்டும் பழைய வார். மற்றொன்று, தோள், மார்பு, தொடை ஆகியவற்றைச் சுற்றி அமைந்து, முதுகில் வளையம் கொண்ட முழுவுடல் வார். விழும் உடலை இடுப்பு வார் திடீரென நிறுத்தும்போது அவ்விசை முழுவதும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்குகிறது. முழுவுடல் வார் அதனைத் தொடைகளுக்கும் தோள்களுக்கும் பகிர்கிறது. ஒருவரைக் காக்கக்கூடியதும் காயப்படுத்தக்கூடியதும் ஒரே பெயரால் அழைக்கப்படுகின்றன.

‘பெல்ட் போட்டாயா?’ என்னும் கேள்வியிலும் இடர் உண்டு. அது உடுப்பைப் பற்றிய கேள்வி. வாரை அணிந்து, கொக்கியை எதிலும் மாட்டாமல் நிற்பவரும் ‘போட்டிருக்கிறேன்’ என்று உண்மையே கூறுகிறார். கேட்க வேண்டிய கேள்வி, ‘கொக்கியை எதில் மாட்டியிருக்கிறாய்?’ என்பது. அமெரிக்கக் கட்டுமான விதிகள் ஒரு தொழிலாளியின் கொக்கி மாட்டப்படும் பிடிப்பு 5,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2.3 டன் விசையைத் தாங்க வேண்டும் என்கின்றன. சாரத்தின் குறுக்குக் கழியும், நீர்க்குழாயும், சன்னல் கம்பியும் அத்தகைய பிடிப்புகள் அல்ல. தகுந்த பிடிப்பைக் கட்டடத்திலேயே முன்கூட்டி அமைத்தல் வேண்டும். அது வரைபடத்தில் தொடங்கும் பணி.

பிடிப்பு இருந்தும் கணக்குத் தவறலாம். கால் மட்டத்தில் மாட்டிய 1.8 மீட்டர்க் கயிறு, அதிர்வைத் தாங்கி நீளும் பகுதி ஏறத்தாழ 1.2 மீட்டர், முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5 மீட்டர் ஆகியவற்றைக் கூட்டினால் 4.5 மீட்டர் ஆகிறது. பாதுகாப்புக்கு மேலும் ஒரு மீட்டர் வேண்டும். ஐந்து மீட்டர் உயரக் கூரையில் இவ்வாறு மாட்டியவருக்கு மிஞ்சுவது அரை மீட்டரே. வாரின் இழுவை அதிலும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். தலைக்கு மேலே பிடிப்பு அமைந்தால் விழும் தொலைவே குறையும். இறுதியாக, தொங்கி நிற்பவரை விரைந்து இறக்குதல் வேண்டும். அசைவின்றித் தொங்கும்போது குருதி கால்களில் தேங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கம் நேரலாம். மீட்பதற்கான ஏற்பாடு இல்லாத இடத்தில் பெல்ட் பாதி காப்பே.

மரபுத் தொழிலோடு இதனை ஒப்பிடலாம். தென்மாவட்டப் பனையேறிகள் தம் கருவிகளுக்குத் தனித்தனிப் பெயர் வைத்திருந்தனர். காலை மரத்தோடு அணைக்கும் நார் வளையம் தளை. மரத்தில் சாய்த்து மிதித்து ஏறும் தடி முருக்குத்தடி. தளை தேய்ந்ததா என்பதை அதனைப் பூண்பவரே பார்த்தார். தேய்ந்தால் அவரே மாற்றினார். பனையேற்றம் இடர் குறைந்த தொழில் அன்று. பனையிலிருந்து விழுந்து இறந்தோரும் முடமானோரும் பலர். ஆயினும் அங்கே கருவியும் அதைப் பற்றிய சொல்லும் அறிவும் ஏறுபவரிடமே இருந்தன. மலைபடுகடாத்தில் தேனெடுப்போரின் கண்ணேணி ‘மால்பு’ என்னும் தனிப்பெயர் பெற்றிருப்பதும் இத்தகைய நுட்பமான பெயரிடலின் தொன்மையைக் காட்டும். இன்றைய தொழிலிடத்தில் கருவி ஒப்பந்தக்காரருடையது, சொல் கடன் சொல், உயிர் மட்டும் ஏறுபவருடையது.

6. ‘தவறி’: இலக்கண நோக்கு

இனி ‘தவறி விழுந்தார்’ என்னும் தொடருக்கு வருவோம். ‘தவறி’ என்பது செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம். தொல்காப்பியர் வினையெச்ச வாய்பாடுகளை அடுக்கிக் கூறி, அவற்றுள் செய்து, செய்யூ, செய்பு என்னும் முதல் மூன்றும் தம் வினைமுதலின் வினைகொண்டே முடியும் என்று வினையியலில் விதிக்கிறார். அவ்விதிப்படி, தவறியவரும் விழுந்தவரும் ஒருவரே ஆதல் வேண்டும். தொடரினுள் வேறு எவருக்கும், வேறு எப்பொருளுக்கும் இடமில்லை. பலகை, கயிறு, தடுப்பு, மேஸ்திரி, ஒப்பந்தக்காரர், உரிமையாளர் ஆகிய எதுவும் இவ்விரு வினைகளுக்கிடையே நுழைய முடியாது.

எஞ்சிய வாய்பாடுகள் பிறிதொரு வினைமுதலின் வினையையும் ஏற்கும். ‘பலகை முறிய விழுந்தார்’ என்னும்போது முறிதல் பலகையின் வினை; விழுதல் மனிதரின் வினை. ‘தடுப்பு இல்லாமையால் விழுந்தார்’ என்றால் காரணம் வெளிப்படையாகிறது. தமிழ் இலக்கணம் காரணத்தைப் பிரித்துச் சொல்லும் வழியைத் தந்திருக்கிறது. வழக்கு அதனைக் கையாளவில்லை.

செய்து என்னும் எச்சத்திற்கு ஒரு விலக்கும் உண்டு. உறுப்பின் வினை தோன்றும்போது, அது உறுப்பையுடைய முதலின் வினையோடு முடியலாம். உரையாசிரியர்கள் இதற்குக் காட்டும் எடுத்துக்காட்டு, கை முறிந்து விழுந்த ஒருவனைப் பற்றியதாக இருப்பது வியப்புக்குரியது. இன்று ‘கயிறு அறுந்து விழுந்தார்’ என்று எழுதுகிறோம். கயிறு மனிதருக்கு உறுப்பு அன்று; ஆதலின் இதனைச் ‘கயிறு அற விழுந்தார்’ என்னும் பொருளில் வந்த எச்சத் திரிபாகக் கொள்ள வேண்டும். எவ்வாறு கொள்ளினும், இத்தொடர் கயிற்றைப் பார்வைக்குக் கொண்டுவருகிறது. கயிறு அறுந்தது என்றால், யார் வாங்கிய கயிறு, எத்தனை நாள் பழையது என்னும் வினாக்கள் எழும். ‘தவறி’ என்றால் எவ்வினாவும் எழுவதில்லை.

இதற்கு ஒரு மறுப்புக் கூறலாம். ‘தவறி’ என்பது குற்றம் சாட்டும் சொல் அன்று. எண்ணாது நிகழ்ந்தது என்பதே அதன் பொருள். தானே குதித்தாரோ, பிறர் தள்ளினரோ என்னும் ஐயத்தை நீக்கவே அது வருகிறது என்பர். இம்மறுப்பு பெரிதும் உண்மையே. ‘தவறு’ என்னும் வினை பிழைத்தல், நழுவுதல், கைவிட்டுப் போதல் எனப் பொருள்கள் பல கொண்டது. ‘அவர் தவறிவிட்டார்’ என்று இறப்பையே இடக்கரடக்கலாகவும் சொல்கிறோம். இறந்தவரைப் பழிக்கும் எண்ணத்தோடு எவரும் இச்சொல்லை எழுதுவதில்லை.

ஆயினும், சொல்லின் பணி சொல்பவரின் எண்ணத்தோடு முடிந்துவிடுவதில்லை. ஐயத்துக்குரிய இறப்பில் குதித்தாரா, தள்ளப்பட்டாரா, தவறினாரா என மூன்று வினாக்கள் எழுகின்றன. ‘தவறினார்’ என்பது முதல் இரண்டையும் மறுத்து மூன்றாவதை உறுதி செய்கிறது. அத்துடன் விசாரணை நிறைவுற்றதுபோன்ற தோற்றம் ஏற்படுகிறது. ‘அவரைத் தடுத்திருக்க வேண்டிய எது அங்கே இல்லை?’ என்னும் நான்காவது வினா கேட்கப்படாமல் போகிறது. தொடரின் இறுதியில் வரும் ‘பலி’ என்னும் சொல் இதனை மேலும் உறுதியாக்குகிறது. பலி என்பது கொடுப்பவரும் கொள்பவரும் இருக்க நிகழ்வது. இங்கே இருவரும் சொல்லப்படவில்லை.

7. மௌலிவாக்கம்: வினைமுதல் மாறியபோது

வினைமுதல் மாறினால் வினாவும் மாறும் என்பதற்கு இப்புறநகரே சான்று தருகிறது. 2014 ஜூன் 28 அன்று மாலை, போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டு வந்த 11 மாடிக் குடியிருப்பு ஒன்று இடிந்து விழுந்தது. 61 பேர் இறந்தனர். 27 பேர் மீட்கப்பட்டனர். இறந்தோரில் ஆந்திரம், ஒடிசா ஆகிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளரும், தமிழகத்தின் பிற மாவட்டத்தாரும் இருந்தனர்.

அந்நாளைய செய்திகளில் ‘கட்டடம் இடிந்து விழுந்தது’ என்பதே தொடர். விழுந்தது கட்டடம், ஆகவே அது ஏன் விழுந்தது என்று உடனே கேட்கப்பட்டது. இடி தாக்கியதால் என்னும் விளக்கம் தொடக்கத்தில் கூறப்பட்டாலும் அது நிற்கவில்லை. தூண்கள், மண், வரைபடம், ஒப்புதல் ஆகியன பற்றிப் பேச்செழுந்தது. நீதிபதி ஆர். ரகுபதி தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அருகில் நின்ற இணைக் கட்டடம் 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

இறந்தோர் எண்ணிக்கை இவ்வினாக்களுக்கு ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் எண்ணிக்கை மட்டும் காரணம் அன்று. கட்டடம் ‘தவறியது’ என்று எவரும் சொல்ல முடியாது. அதே கட்டடத்தின் சாரத்திலிருந்து, அதற்கு முந்திய வாரம் ஒருவர் விழுந்திருந்தால், அவர் ‘தவறி’யே விழுந்திருப்பார்.

உயரத்தின் இடர் உயரத்தில் நிற்பவரோடு முடிவதில்லை என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. 2025 ஜூன் 12 அன்று மவுண்ட் – பூந்தமல்லி சாலையில் இராமாபுரம் அருகே மெட்ரோ பணியின் உத்திரங்கள் விழுந்ததில், கீழே இரு சக்கர வண்டியில் சென்றவர் ஒருவர் இறந்தார். அவர் எதிலும் தவறவில்லை, சாலையில் சென்றார்.

8. சட்டம் கேட்கும் கேள்வி

சட்டத்தின் மொழி இவ்வகையில் வழக்கு மொழியினின்றும் வேறுபடுகிறது. 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 32 ஆம் பிரிவில், ஒருவர் விழக்கூடிய உயரத்தில் பணிபுரிய வேண்டியிருந்தால், நடைமுறைக்கு இயன்ற அளவில் வேலியிட்டோ வேறு வகையிலோ அவருடைய பாதுகாப்புக்கு ஏற்பாடு செய்தல் வேண்டும் என்றது. தடுப்பு அமைக்கும் கடமையே அங்கு முதலில் நின்றது.

1923 ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் இன்னும் தெளிவாகப் பேசியது. குடிபோதை, வேண்டுமென்றே விதியை மீறுதல், காப்புக் கருவியை வேண்டுமென்றே நீக்குதல் ஆகியவற்றைக் காட்டி முதலாளி பொறுப்பிலிருந்து விலகுவதற்கு அச்சட்டம் இடந்தந்தது. ஆனால், தொழிலாளி இறந்துவிட்டாலோ முழு நிரந்தர ஊனமுற்றாலோ அவ்விலக்கு பொருந்தவில்லை. இக்கொள்கை 2020 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் தொடர்கிறது. அதாவது, வேலையின்போது வேலை காரணமாக ஒருவர் இறந்தால், ‘அவர் தவறினாரா’ என்பது இழப்பீட்டுக்குப் பொருட்டன்று. நெடுங்காலத்துக்கு முன்னரே சட்டம் கைவிட்ட கேள்வியை நம் தொடர் ஒவ்வொரு நாளும் முன்வைத்து, அதற்கு ‘ஆம்’ என்று விடையும் கூறிவிடுகிறது. நடைமுறையில் இதற்கு விலை உண்டு: ‘அவன் தவறுதானே’ என்று சொல்லிச் சிறுதொகை கொடுத்து முடிக்கப்படும் இடத்தில், தமக்குள்ள உரிமையைக் குடும்பத்தார் அறியாமலே போகின்றனர்.

சட்டத்திற்கும் எல்லைகள் உண்டு. 1996 ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம் பத்துப் பேருக்குக் குறையாத பணியிடங்களுக்கே உரியதாக இருந்தது. குறிப்பிட்ட செலவு வரம்புக்கு உட்பட்ட சொந்த வீட்டுக் கட்டுமானத்தை அது விலக்கியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் இச்செலவு வரம்பு உயர்ந்துள்ளது. ஒரு மேஸ்திரி, இரு கொத்தனார், நான்கு சித்தாள் என்னும் அளவில் ஆவடியிலும் திருநின்றவூரிலும் எழும் தனி வீடுகளின் சாரம், ஆய்வாளரின் கண்ணுக்கு எட்டாமலேயே கட்டப்பட்டுப் பிரிக்கப்படுகிறது. அங்கே காப்பாக நிற்கக்கூடியவை, பழக்கமும் அறிவும், அவ்வறிவைக் கடத்தும் மொழியுமே.

9. எச்சரிக்கையின் மொழி

அம்மொழி இன்று ஒன்றாக இல்லை. ஒடியா, வங்காளி, அசாமியம், இந்தி, தெலுங்கு பேசுவோர் தமிழ் மேஸ்திரியின்கீழ்ப் பணிபுரிகின்றனர். 2025 செப்டம்பர் 30 அன்று சென்னையின் வடபகுதியில், எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் இரும்புச் சாரம் சரிந்து இறந்த ஒன்பது தொழிலாளரும் அசாமிலிருந்து வந்தவர்கள் என்பது இம்மாற்றத்தின் அளவை உணர்த்தும். ‘விலகு’, ‘மாட்டு’, ‘மிதிக்காதே’ ஆகிய சொற்கள் ஒரு நொடிக்குள் புரிந்தாக வேண்டியவை.

தொழிலிடம் இதற்கு முன்னும் பொதுச்சொற்களை உருவாக்கிக்கொண்டதுண்டு. பளு இறக்குவோர் கூவும் ‘ஆரியா’ என்னும் சொல், இறக்குதலைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லினின்று கப்பல் தொழிலாளர் வழி வந்தது. எவருக்கும் தாய்மொழி அல்லாத சொல் எல்லோருக்கும் புரிந்தது. இன்றைய எச்சரிக்கைப் பலகைகளோ பெரும்பாலும் ‘பாதுகாப்பே முதன்மை’ என்பதுபோன்ற முழக்கங்களாக நிற்கின்றன. ‘இத்தகட்டை மிதிக்காதே’, ‘கொக்கியை இக்கம்பியில் மாட்டு’ எனச் செயலைச் சுட்டும் தொடர்கள் அரியவை. முழக்கம் தொழிலாளியின் கவனத்தைக் கோருகிறது. செயல்தொடர் கம்பி ஒன்று அங்கே இருப்பதை முன்கொள்கிறது. கம்பி இல்லாத இடத்தில் அப்பலகையை எழுத முடியாது. எழுதும் மொழியே ஏற்பாட்டைக் கட்டாயப்படுத்தும் வழி இது.

10. முடிவுரை

மேற்கூறியவற்றால், உயரத் தொழிலின் இடர் உயரத்தின் அளவைப் பொறுத்து மட்டும் அமைவதில்லை என்பதும், சாரத்தின் பிணைப்பு, தகட்டின் வலிமை, கொக்கியின் பிடிப்பு, விளிம்பின் தடுப்பு ஆகியவற்றிலேயே அது பெரிதும் தங்கியுள்ளது என்பதும் பெறப்படுகின்றன. ‘தவறி’ என்னும் எச்சம், தன் இலக்கண இயல்பினாலேயே, இவை அனைத்தையும் விலக்கி விழுந்தவரை மட்டும் எஞ்சச் செய்கிறது.

இதனைக் களையப் புதுச்சொல் படைக்க வேண்டியதில்லை. ‘தடுப்பில்லாத விளிம்பிலிருந்து விழுந்தார்’, ‘கூரைத் தகடு உடைய விழுந்தார்’, ‘பிணைக்காத பலகை பெயர விழுந்தார்’ என எழுதுவதற்குத் தமிழில் தடையேதுமில்லை. காரணம் தெரியாதபோது ‘விழுந்து இறந்தார்’ என்று மட்டும் எழுதுவதே நேர்மை. செய்தியாளர்க்கும் காவல்துறை எழுத்தருக்கும் உரிய நடைக் கையேடுகளில் இவ்வேறுபாட்டைச் சேர்ப்பதும், ‘பெல்ட்’ என்னும் ஒரே சொல்லுள் மறைந்துள்ள பொருள்களைப் பிரித்துக் காட்டும் கட்டுமானத் தொழிற்சொல் அகராதியைப் பன்மொழியில் தொகுப்பதும் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க பணிகள். அம்பத்தூரின் ஒரு கூரையிலிருந்து விழுந்தவரைப் பற்றி எழுதும் ஒற்றை வரியில், அத்தகட்டின் பெயரும் இடம்பெற்றால், அடுத்து அதன்மேல் ஏறப்போகிறவருக்கு அது ஒரு காப்பாக அமையும்.